ரோஜாவைக் கண்டால் ரகம் கேட்பவர்

ரோஜாவைக் கண்டால் சும்மா கடந்து போகிறவர்கள் உண்டு. நின்று மோந்து பார்க்கிறவர்கள் உண்டு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களைக்கூட மன்னித்துவிடலாம், பூ பிடித்துப்போய்த்தானே கிள்ளுகிறார்கள்! ஆனால் இனங்காணி என்று ஒரு பிறவி இருக்கிறது பாருங்கள், அதற்குப் பூ பிடிக்காது. பூவின் பெயர்தான் பிடிக்கும். “அடடா, எவ்வளவு அழகா இருக்கு!” என்று நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது பக்கத்தில் ஒரு தொண்டை கனைத்து, “என்ன ரகம்?” என்று கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், நடையைக் கட்டுங்கள். தப்பித்தவறி “தெரியலீங்க” என்று சொல்லிவிட்டீர்களோ, அன்றைய பொழுது போச்சு.

நம்ம கண்ணாடிக்கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். வாசல் பக்கம் கடை, உள்ளே வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் ஆளுயர மதில். காலையில் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணைப் பார்த்து, “இது தெளிவா? இது தெளிவா?” என்று வில்லையை மாற்றி மாற்றிப் போடுவார். சாயங்காலம் தோட்டத்துக்குப் போய் இருபத்து மூன்று ரோஜாச் செடிகளைப் பார்வையிடுவார். ஒவ்வொன்றின் கழுத்திலும் தகரத்தில் ஒரு பெயர் தொங்கும். காற்றில் தகரம் விழுந்து தொலைந்தால் அந்தச் செடிக்கு ஒரு வாரம் தவணை. அதற்குள் அது யாரென்று தெரியாவிட்டால், பூத்துக் குலுங்கினாலும் சரி, பிடுங்கி மதிலுக்கு அந்தப்பக்கம் வீசிவிடுவார். பெயரில்லாததற்குத் தண்ணீர் ஊற்ற அவர் என்ன இளிச்சவாயரா?

ஊர் ரோஜா அபிமானிகள் சங்கத்தில் ‘ரகம் அறியும் குழு’ என்று ஒன்று உண்டு. பதினோரு வருஷமாக அதற்கு இவர்தான் தலைவர். குழுவில் மொத்தம் இரண்டே பேர். இன்னொருவர் பல் டாக்டர். தலைவர் நாற்காலியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ஒருநாள் கடைக்காரர், கண் சோதிக்கிற எழுத்து அட்டையைத் துடைத்து வெயிலில் காய வைத்தார். காற்று அதைத் தூக்கி மதிலுக்கு அப்பால் போட்டது. எடுப்பதற்காகப் பின்சந்துக்குப் போனார். உடைந்த செங்கல் குவியலுக்கு நடுவே, அட்டையைத் தாங்கிக்கொண்டு, ஒரு ரோஜாச் செடி நின்றது. வெளிர் ரோஸ் நிறம், நடுவில் வெண்ணெய் மஞ்சள், வெளியிதழின் ஓரத்தில் நூல் போல ஒரு பச்சைக் கீற்று. பூவும் மொட்டுமாக மொத்தம் ஏழு. நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? “ஆஹா” என்றிருப்போம். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “இது யாரு?” என்றார். எழுத்து அட்டையை அங்கேயே மறந்துவிட்டு, செடியை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு செடியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“என்னங்க, இது நம்ம...”

“உஷ்! இருபத்தாறு... இருபத்தேழு... பேசாதே, விட்டுப்போயிடும்!”

முதல் பூவைப் பிய்த்து இதழ் எண்ணிக்கொண்டிருந்தார் மனுஷன். நாற்பத்தொன்று வந்தது. சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வந்ததால் மறுநாள் இரண்டாவது பூ, முப்பத்தெட்டு. எது சரி என்று தீர்மானிக்க மூன்றாவது பூ, நாற்பத்து மூன்று. அதற்குள் மூன்று பூவும் தட்டில் உதிரியாகக் கிடந்தன.

“ஒண்ணையாவது செடியில விட்டு வைங்களேன், கண்ணால பார்க்கலாம்” என்றார் டீச்சர்.

“பேரு தெரியாத பூவை என்னன்னு பார்ப்பே?” என்றார் இவர். எவ்வளவு நியாயமான கேள்வி!

இதோடு விட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். வாய் சும்மா இருக்குமா? சங்கத்துக்குப் போய் அலட்டிக்கொண்டார். சங்கத்துச் செயலாளர், தபாலாபீசில் ஓய்வு பெற்றவர். விலாசம் இல்லாத எதையும் உலகத்தில் நடமாட விடக்கூடாது என்பது அவர் கொள்கை.

“மூணு வாரத்துல மலர்க் கண்காட்சி. பேரு எழுதின அட்டை இல்லாம மேசை கிடையாது, ஞாபகம் இருக்குல்ல?”

“பேரோடதான் வருவேன். வரலேன்னா தலைவர் நாற்காலியே எனக்கு வேண்டாம்!”

பல் டாக்டர் அப்போதே சபதத்தைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் ஒப்பீடு. தெரிந்த ரகங்களை எல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கிவந்தார், சில இடங்களில் கேட்டு, சில இடங்களில் கேட்காமல். ‘கேப்டனின் விதவை’, ‘இரண்டாம் இளவரசி’, ‘ஞாயிறு மாலை’ என்று வீட்டிலிருந்த எல்லா டம்ளர்களிலும் ஒவ்வொரு பூ நின்றது. குடும்பம் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. இலைக்காம்பில் இலை ஐந்தா ஏழா, முள் நேரா கொக்கியா, இதழ் ஓரம் மடிப்பா சுருட்டா என்று நோட்டில் பதினெட்டுக் கட்டம் போட்டார். கடைக்கு வருகிறவர்களையும் விட்டாரா? கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் முகத்துக்கு முன்னால் இரண்டு பூக்களை நீட்டினார்.

“எது மாதிரி இருக்கு? இதுவா? இதுவா?”

“ரெண்டும் முட்டைக்கோஸ் மாதிரி தெரியுதுங்க.”

‘நான்காம் சாட்சி: அடர்த்தியான அடுக்கு’ என்று நோட்டில் ஏறியது.

வாசனை பார்க்க நான்காவது பூவைப் பறித்தார். காலை வாசனை வேறு, சாயங்கால வாசனை வேறு என்பதால் ஐந்தாவதும் போயிற்று. தன் மூக்கை மட்டும் நம்பக்கூடாது என்று, சாப்பிட வந்த மச்சினனைப் பிடித்து உட்கார வைத்தார். டீச்சரின் தம்பி, பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கூட்டத்தில் நிற்கிற மூக்கு.

“நல்லா இழுத்து மோந்து பாரு மாப்ளே. என்ன வாசனை வருது?”

“ரோஜா வாசனை வருது அத்தான்.”

“அது தெரியும்டா. ஆப்பிள் தோல் மாதிரியா, மிளகு மாதிரியா?”

“ரோஜா மாதிரி.”

“சரியா சொல்லு, எதோட சாயல் இருக்கு?”

“ரோஜாவோட சாயல்தான் நிறைய இருக்கு அத்தான்.”

சாப்பாடு முடியாமலே அவன் வெளியேற்றப்பட்டான்.

ஆறாவது பூவை வெளியூர் நர்சரிக்காரர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். அது உலர்ந்து நொறுங்கித் தூளாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: ‘தங்கள் அன்பளிப்பு கிடைத்தது. டீ நன்றாக இருந்தது. பால் சேர்க்க வேண்டுமா என்று தெரிவிக்கவும்.’

கண்காட்சிக்கு முந்தின நாள் நிலவரம் இதுதான்: இந்தப் பூ எது எது இல்லை என்று பதினாறு வகையில் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எது என்று மட்டும் தெரியாது. செடியில் ஒரே ஒரு மொட்டு மிச்சம். டீச்சர் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துத் துணிகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மடியில் பெரிய கத்திரிக்கோல். கடைக்காரர் மூன்று தடவை அந்தப் பக்கமாக வந்து, மூன்று தடவையும் கத்திரிக்கோலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாளைக்கு இதே நேரம் பல் டாக்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவாரே!

அந்த நேரத்தில் மச்சினன் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கலர் போட்டோவை எடுத்து நீட்டினான்.

“வீட்டுல பெட்டியைக் குடைஞ்சப்ப கிடைச்சுது அத்தான். இதுல ஒரு ரோஜா இருக்கு. உதவுமான்னு பாருங்க.”

அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அதே ரோஸ்! அதே வெண்ணெய் மஞ்சள்! ஓரத்தில் அதே பச்சைக் கீற்று!

“மாட்டிக்கிச்சு! மாப்ளே, மாட்டிக்கிச்சுடா! இலைதான் சரியாத் தெரியலே. யாருடா இந்தப் பொம்பள, குறுக்க நின்னு செடியை மறைச்சுக்கிட்டு?”

மச்சினன் கூரையைப் பார்த்தான்.

“நான்தாங்க” என்றார் டீச்சர்.

“நீயா? எங்கே எடுத்தது இது?”

“நம்ம தோட்டத்துலதான். ஏழு வருஷம் முன்னாடி. பள்ளிக்கூடத்து ஆயா ஒரு குச்சி கொடுத்தாங்க, நட்டு வச்சேன். முதல் பூ பூத்தப்ப தம்பி இந்தப் போட்டோவை எடுத்தான். என்ன ரகம்னு கேட்டீங்க. தெரியலைன்னேன். மறுவாரமே பிடுங்கி மதிலுக்கு அந்தப்பக்கம் எறிஞ்சுட்டீங்க. அது பாட்டுக்கு அங்கேயே வேர் பிடிச்சுருச்சு. நான் தினம் காய் கழுவின தண்ணியை மதில் மேலேருந்து ஊத்திக்கிட்டு இருந்தேன்.”

“அடிப்பாவி! மூணு வாரமா ஏன் சொல்லலே?”

“சொல்ல வந்தேனே! முதல் நாள் நீங்க இருபத்தேழுல இருந்தீங்க. மறுநாள் வந்தேன், பத்தொன்பதுல இருந்தீங்க. அதுக்கப்புறம் முள்ளுக்குக் கோணம் அளந்துக்கிட்டு இருந்தீங்க.”

ஊரெல்லாம் கேட்டவர், தபாலில் கேட்டவர், கண் தெரியாத அம்மாளிடம்கூடக் கேட்டவர், வீட்டில் கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இனங்காணி இனங்காணிதானே?

“அப்ப... இதுக்குப் பேரு?”

“‘மதில்தாண்டி’ன்னு கூப்பிடுவேன்.”

மறுநாள் காலையில் மொட்டு விரிந்தது. பூவில் கை வைக்கக்கூடாது என்ற உத்தரவோடு, செடியைத் தொட்டியோடு கண்காட்சிக்குத் தூக்கிப்போனார். பெயர் அட்டையைப் படித்த செயலாளர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார்.

“மதில்தாண்டியா? பதிவுலயே இல்லையே?”

“புது ரகம். எழுதிக்குங்க. வளர்த்தது என் சம்சாரம்.”

“புது ரகம்னா படிவம் இருக்கு. குச்சி எங்கேருந்து வந்தது, எந்த மாசம் நட்டது, முதல் பூ எப்போ, என்னென்ன உரம்?”

இவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் டாக்டருக்கு வாய் காது வரைக்கும் போனது. மேசை கொடுத்துவிடலாம், படிவம் நாளைக் காலைக்குள் வராவிட்டால் சபதப்படி நாற்காலி கை மாறும் என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார்.

சாயங்காலம் தொட்டியோடும் படிவத்தோடும் வீட்டுக்கு வந்து, மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, “நீ சொல்லு, நான் எழுதறேன்” என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மாள் குறுக்குப் பேச்சில்லாமல் முழுசாகப் பேசியது அன்றைக்குத்தான். ஆயாவின் வீட்டு வாசல், குச்சியைச் சுற்றியிருந்த ஈரத்துணி, மழை பெய்த மாசம் எல்லாம் வந்தன. கேட்கிறவருக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால் எதிரிலிருந்த முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் படக்கென்று நிறுத்தினார்.

“அது என்ன ஃப்ரேம்? நம்ம கடையில இந்த ரகமே கிடையாதே?”

“உங்க கடைதாங்க. கல்யாணமான புதுசுல நீங்களே மாட்டிவிட்டீங்க. கம்பி உடைஞ்சு ஒன்பது வருஷமாச்சு, நூல் சுத்தியிருக்கேன். பவர் எப்பவோ மாறிப்போச்சு.”

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். டீச்சர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கடை நாற்காலியில் உட்கார வைத்தார். சோதனைச் சட்டத்தை முகத்தில் மாட்டினார். “இது தெளிவா? இது தெளிவா?” என்று வில்லை வில்லையாகப் போட்டார். நாலாவது வில்லையில் டீச்சர், “அம்மாடி!” என்று கத்திவிட்டார். அந்தக் கனத்த சட்டத்தோடேயே எழுந்து, சாமானெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டு, நேரே செடியிடம் போய்க் குனிந்தார்.

“என்னங்க! ஓரத்துல பச்சையா ஒரு கோடு இருக்கு!”

“ஆமா, அதுதானே அழகு.”

“என் செடியில பச்சைக் கோடே கிடையாதுங்க! ஏழு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா? இது என் மதில்தாண்டி இல்லை!”

கடைக்காரர் நிரப்பிய படிவத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், கடைசியில் பூவைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எண்ணாமல் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்குல்ல?” என்றார். படிவத்தில் கையெழுத்தைப் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டார். “சரி, சாப்பிடலாமா?”

“அதெப்படி? என்ன ரகம்னு தெரியாம?” என்றார் டீச்சர், கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டே. கறக் என்று ஒரு சத்தம். “ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“சாப்பாடு ஆறிடும்மா.”

“உஷ்! பேசாதீங்க, விட்டுப்போயிடும்!”

ஆகவே, இது தொத்திக்கொள்ளும். உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நம்புகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். சின்னதாக ஒரு சோதனை மட்டும் வைத்துவிடுகிறேன். வீட்டில் கண்ணாடி போட்டிருப்பவர் யாராவது இருக்கிறார் அல்லவா? அந்த ஃப்ரேம் என்ன நிறம்? கறுப்பா, பழுப்பா?

அடடே, இப்போது எட்டிப் பார்க்கக்கூடாது.