கரமனையில் ஒரு நிரூபணம்

நான் ஒரு காலத்தில் இலக்கிய விமர்சகனாக இருந்தேன். மொத்தம் ஆறு நாள். செவ்வாய்க்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம்தான்.

சாலைக்கடை ஆட்களும் கரமனை அக்ரஹாரத்து ரிட்டயர்டு ஆட்களும் சேர்ந்து நடத்தும் சின்ன வாசகர் வட்டம் ஒன்று உண்டு. அதில் எனக்கு நன்றியுரை உத்தியோகம். நாலு ஜோக் சொல்லி, எல்லாரையும் சாயா குடிக்க அனுப்ப வேண்டும். ஒருநாள் வட்டத்தின் தலைவர் போன் பண்ணினார்.

"தம்பி, கல்யாணராமன் சாரோட நாவலுக்கு ஞாயித்துக்கிழம நிரூபணம் நீதான் செய்யணும்."

"நானா? நான் நன்றியுரைக்காரன்லா அண்ணாச்சி!"

"அது மதி, அது போதும். வேற ஆளு இல்ல. கேட்டவனெல்லாம் புத்தகத்தக் கையில எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிட்டான். இந்தக் கூட்டமும் ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா ரெண்டாம் பாகத்த அடுப்புல போட்ருவேன்னு சாரு சொல்லியாச்சு. முழுசா எழுதி வச்சிருக்காரு, பாவம். செவ்வாக்கிழம ஹர்த்தாலாக்கும், கடையும் அடப்பு. வீட்டுக்குப் போயி ஒண்ணு பேசிட்டு வா. நிரூபணத்துக்கு ஆள் வருதுன்னு நான் பறஞ்சிருக்கேன்."

மலையாளத்தில் நிரூபணம் என்றால் நூல் விமர்சனம். தலைவரும் நானும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எங்களுக்கு வேறு அர்த்தம் தோன்றவேயில்லை. ஆனால் கல்யாணராமன் சார், பௌதிகப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளம் கலக்காமல் தமிழ் பேசுவதில் பிடிவாதக்காரர். விமர்சனத்தை 'மதிப்புரை' என்று மட்டுமே சொல்லுவார். அவர் அகராதியில் நிரூபணம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: நிரூபித்துக் காட்டுவது. (இதை நான் அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. என் மானம் மிஞ்சியிருக்கும்.)

நாவலின் பெயர் 'எண்பத்துநாலு நிமிடம்'. அறுநூற்றுச் சொச்சம் பக்கம். கதை இதுதான்: அணுவைவிடச் சின்னதாக, அகத்தியமலை கனத்துக்கு ஒரு கருந்துளை பூமிக்குள் விழுந்துவிடுகிறது. தடுக்க ஒன்றுமில்லாததால் பூமியின் நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பி வருகிறது. போய்வர எண்பத்துநாலு நிமிடம். திரும்பும்போதெல்லாம் கரமனையில் ஒரு வீட்டுத் தரைக்குக் கொஞ்சம் கீழே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

வெளிவந்து மூன்று வருஷம். ஒரு பத்திரிகை அட்டைப்படம் நன்றாக இருப்பதாக எழுதியது. இன்னொன்று, ஆசிரியர் பாடப்புத்தகத்தை நாவல் என்று நினைத்துவிட்டார் என்றது. எங்கள் வட்டத்தில் ஒருவர் அதை வைத்து மின்விசிறி ரிப்பேருக்கு ஸ்டூல் உயரம் கூட்டினார். நான் நாற்பத்தெட்டாம் பக்கம் வரை போனேன். அங்கே ஒரு சமன்பாடு அரைப் பக்கத்துக்கு நீட்டிப் படுத்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. நானும் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். ஹர்த்தால் நாளில் திருவனந்தபுரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கிள்ளிப்பாலம் ஜங்ஷனில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஹாரன் இல்லை. இரண்டரை மணி வெயிலில் அத்தனை பெரிய சாலை வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. சிக்னல் மட்டும் யாருக்கோ சிவப்பு காட்டி, யாருக்கோ பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கோ. நிரூபணத்துக்குத்தானே?"

"ஆமா சார்."

"தனியாவா வந்திருக்கேள்?"

"இது தனியா செய்யற காரியம்லா சார். கூட ஆள் இருந்தா மனசு நிக்காது."

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பயம் கியம் ஒண்ணும் இல்லையே?"

"இதுல என்ன பயம்? நம்ம எத்தரயோ செஞ்சிருக்கோம்." (அதுவரை நான் செய்தது பூஜ்யம்.)

"எத்தனையோவா!" அவர் ஒரு படி இறங்கி வந்தார். "இத்தனை நாள் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே. ஏ, கேட்டியா, இவர் ஏற்கனவே பண்ணியிருக்காராம்!"

உள்ளேயிருந்து மாமி எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது மரியாதை என்று நினைத்தேன். பரிதாபம் என்பது பிற்பாடு புரிந்தது. "காப்பி குடிச்சுட்டுப் போகட்டுமே, பாவம்," என்றாள்.

"நேரமில்லை. மூணு பத்துக்கு வந்துடும்."

எது வரும் என்று கேட்டிருக்க வேண்டும். நான் விவரமுள்ளவன் மாதிரி தலையாட்டினேன்.

மூன்று கட்டுத் தாண்டி, கடைசி அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு சிவப்பு பல்பு. உத்தரத்திலிருந்து நூலில் ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. கீழே தாம்பாளத்தில் அரிசிமாவு, குண்டின் நுனி அதைத் தொட்டும் தொடாமலும். பக்கத்தில் வெண்கல உருளி நிறையத் தண்ணீர். மாவில் ஏற்கனவே சில கோடுகள் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம் இழுத்த கோடுகள்.

"ஸ்டூல்ல உக்காருங்கோ. என்ன பாக்கறேளோ அதை எழுதுங்கோ. வாய் திறக்கப்படாது. நான் வெளியில இருப்பேன்."

கதவு சாத்தப்பட்டது. சத்தமே இல்லாமல்.

சரி, எழுத்தாளர்களுக்கு ஆயிரம் கிறுக்கு, தன் புத்தகத்தை இருட்டில் படிக்க வைக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தரை குளிர்ந்தது. காலை மெல்லத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொண்டேன். பொழுது போக வேண்டுமே என்று நாற்பத்தொன்பதாம் பக்கத்தை முதல்முறையாகப் புரட்டினேன்.

'அறைக்குள் வந்தவன் முதலில் கதவைப் பார்ப்பான். பிறகு தரையைப் பார்ப்பான். பிறகு, தனக்கே தெரியாமல், காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வான்.'

புத்தகத்தை மூடினேன். கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டேனே என்று கண்ணை அவசரமாக உருளிப் பக்கம் திருப்பினேன்.

அப்போதுதான் உருளித் தண்ணீர் நடுங்கியது.

ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாகச் சுருங்கியது. கல் விழுந்தால் வட்டம் விரியும். இது உள்ளே போயிற்று. தூக்குக்குண்டு, யாரோ நூலைப் பிடித்து மெதுவாக இழுப்பது போல, மாவில் ஒரு கோடு போட்டது. என்னை நோக்கி.

பஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். ஹர்த்தாலுக்கு எங்கிருந்து பஸ்?

நான் கதவில் போய் விழுந்தேன். தள்ளினேன், இடித்தேன், உதைத்தேன். (அது உள்பக்கம் இழுக்கிற கதவு.) தெருவுக்கே கேட்க அலறினேன்:

"சார்! நான் படிக்கல சார்! நாப்பத்தெட்டாம் பக்கத்தோட நிறுத்திட்டேன்! பகவானே! சத்தியமா முழுசும் படிச்சுருவேன், அதத் திரும்பிப் போகச் சொல்லுங்க!"

தள்ளுவதை நான் நிறுத்தியதும் கதவு திறந்தது. சாரும் மாமியும் நின்றார்கள். பின்னால் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர். ஹர்த்தால் ஆனதால் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கு எதிலும் அதிர்ஷ்டம் உண்டு.

"படிக்கலையா?" என்றார் சார். "அப்ப நிரூபணம்னு வந்தது?"

"நிரூபணம்னா புத்தகத்தப் பத்திப் பேசறது சார்! மலையாளத்துல!"

"மதிப்புரையா?" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் விழுந்துவிட்டது. மாமி மேஜைமேல் கட்டிவைத்திருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். இரண்டாம் பாகம். என்னால் அடுப்புக்குப் போகப்போகிறது.

சார் மெதுவாகக் கேட்டார்: "படிச்ச நாப்பத்தெட்டு பக்கத்துல, ஒரு கேள்வியாவது தோணித்தா?"

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போகும் வழியில் அது காலடியில் வருமா என்பது.

"பூமி சுத்திட்டேதானே சார் இருக்கு? எண்பத்துநாலு நிமிஷத்துல இந்த வீடு எங்கயோ தள்ளிப் போயிருமே. பின்ன அது எப்படிக் கரெக்டா இங்க வரும்? அடுத்த தடவ ஆரியசாலைக்கு வருமா?"

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம்," என்றார். "இந்தக் கேள்வியை ஒருத்தன் கேக்கணும்னு மூணு வருஷமாக் காத்திண்டிருக்கேன். புத்தகமே இதுக்குத்தான். பதினாலாம் அத்தியாயத்துல பதில் இருக்கு. ஒருத்தரும் அங்க வந்து சேரலை." என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்றிருந்தது. "நீங்க சொல்றது வாஸ்தவம். அதே துளை திரும்பி இங்க வராது."

"அப்பாடா," என்றேன்.

"அது ஒண்ணுதான்னு யார் சொன்னா?" என்றார் சார். "மொத்தம் பதினேழு."

அன்று கரமனையிலிருந்து ஆரியசாலை வரை நான் நடந்ததாக ஞாபகமில்லை. வீட்டில் என் மனைவி செல்வி, "உங்களுக்கு வட்டா, கிறுக்கு கிறுக்கு பிடிச்சிருக்கா? எதுக்குக் கட்டில்ல ஏறி உக்காந்து சோறு கேக்கறீங்க?" என்றாள். நாலே நாளில் அறுநூறு பக்கத்தையும் படித்து முடித்தேன். பயத்தில் படித்தால் சமன்பாடுகூடப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே சொன்னேன். கூட்டம் சிரித்தது. பதினேழு என்றதும் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் தலைவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். சார் அதைப் பார்த்தார். பிற்பாடு என்னிடம் ரகசியமாக, "நாப்பத்தொம்பதாம் பக்கத்து ஆள் நான்தான். முதல் தடவை நானும் அப்படித்தான் உக்காந்தேன்," என்றார். தண்ணீர் ஏன் நடுங்கியது என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது. நாவல் எழுதினது பிற்பாடு. தண்ணி நடுங்கினது முதல்ல," என்றார்.

இரண்டாம் பாகம் அடுப்புக்குப் போகவில்லை, அச்சுக்குப் போயிற்று. அதில் ஒரு வத்தல் வியாபாரி வருகிறான். கதவை மாற்றித் தள்ளி அலறுகிறான். இந்த முறை ஒரு பெரிய பத்திரிகையில் முழுப்பக்கம் எழுதினார்கள். ஒரே பாராட்டு. கடைசிப் பத்தி மட்டும் இப்படி: 'வத்தல் வியாபாரி பாத்திரம் நாவலின் ஒரே பலவீனம். பதினேழு கருந்துளைகளை நம்பிவிடலாம். இப்படி ஒரு மனிதன் இருக்க முடியும் என்பதை நம்ப முடியவில்லை.'

செல்வி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் எதைச் சொதப்பினாலும் வீட்டில் யாராவது அதைக் கைகாட்டுவார்கள். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர் குடிக்கப் போனவர் அங்கேயே நின்று முழுவதும் படித்தார்.

"இது யாரு மோளே?" என்று என் மகளிடம் கேட்டார்.

"அப்பாவாக்கும்."

நான் அப்போது அவருக்காக மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார்.

"நம்பலாமே," என்றார்.