சடையப்பன் பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போன சட்டை

ஒரு காட்டில் பஸ் வருவதற்கு முன்பே சைக்கிள் வந்துவிட்டது. யானையைப் பார்த்து மிரண்ட டூரிஸ்ட் கூட்டம் ஒன்று, ஏறி வந்த சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனது. யானை நல்ல யானை. "பாவம், மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்று பல நாள் காவல் காத்தது. யாரும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்தக் காட்டில் நடந்து போகிறவனுக்கு மதிப்பே போய்விட்டது. நத்தைகூட ஒரு சைக்கிளின் பின்கேரியரில் குடியேறி, "வண்டி எப்ப கெளம்பும்?" என்று போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தது.

அங்கே சடையப்பன் என்று ஒரு கரடி இருந்தான். பெயருக்கேற்ற உடம்பு. ஒருமுறை சீப்பு வைத்து வாரிப் பார்த்தான். உள்ளே போன சீப்பு இன்றுவரை வெளியே வரவில்லை. கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் தேனப்பன் என்ற பெரிய கரடியின் மகள் இருளாயியை ஒரு தேனடைத் திருவிழாவில் பார்த்திருக்கிறான். பார்த்ததிலிருந்து கறையான் புற்றில் வாயை வைத்தால்கூட உறிஞ்ச மறந்து உட்கார்ந்திருந்தான்.

தரகர் காக்கா போய்ப் பேசிவிட்டு வந்தது.

"நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள வரச் சொல்லுதாவ. சைக்கிள்லதான் வரணுமாம். வேர்க்கக் கூடாது, நனையக் கூடாது, நடுங்கக் கூடாது. மூணுல ஒண்ணு தப்பினாலும் அடுத்த மாப்பிள்ளையக் கூப்பிட்டுருவாவளாம்."

"இது என்ன காக்கா, கூத்தா இருக்கு?"

"முன்ன வந்த மாப்பிள்ளைக்கு வேர்த்து, தேன் தட்டுல சொட்டிருச்சாம். அதுக்கு முன்ன வந்தவன் மழையில நனைஞ்சு வந்து வாசல்ல நின்னு உடம்பச் சிலுப்பினானாம். பொண்ணு வீட்டுக்காரங்க அத்தன பேரும் குளிச்சு எந்திரிச்சிருக்காவ. அதுக்கும் முன்ன வந்தவன் குளிர்ல நடுங்கி, கொடுத்த தேனடையத் தேனப்பர் மடியிலயே போட்டுட்டான். தேனப்பர் பட்டவருல்லா?"

காக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் அனல், உச்சியில் பனிமூட்டம், அந்தப் பக்கம் இறங்கினால் மழை. ஒரே சவாரியில் மூன்று பருவம். இதைத் தாண்டி வேர்க்காமல், நனையாமல், நடுங்காமல் போவதென்றால் அதற்கு ஒரு உடை வேண்டும். சடையப்பன் நேராக வண்ணமுத்துவின் கடைக்குப் போனான்.

வண்ணமுத்து ஒரு பச்சோந்தி. ஆலமரத்து அடியில் ரெடிமேட் கடை. அவர் கடையில் பொம்மை கிடையாது, கண்ணாடி கிடையாது. எந்தத் துணியைக் கேட்டாலும் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். துணியின் நிறம் அவருக்கும் வந்துவிடும். "எப்படி எடுப்பா இருக்கு பாத்தியளா?" என்பார். இருக்காதா பின்னே!

"வாங்க அண்ணாச்சி. சவாரி எம்புட்டுத் தூரம்?"

"மலையத் தாண்டி. பொண்ணு பாக்க."

வண்ணமுத்துவின் ஒரு கண் சடையப்பனைப் பார்த்தது. மற்றொரு கண் கடையில் விற்காமல் கிடந்த சரக்கைப் பார்த்தது.

"மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. நீங்க பொறந்த கலரே வெயிலுக்கு ஆகாத கலரு. கறுப்பு அப்படியே சூட்ட இழுக்கும். அதோட இந்தக் கால் முடி தொளதொளன்னு கெடக்கே, சைக்கிள் சங்கிலி கவ்வுச்சுன்னா ஆளோட குப்புறத் தள்ளிரும். உடம்பப் புடிச்ச மாதிரி ஒண்ணு போடணும்."

சொல்லிவிட்டு ஒரு மலைப்பாம்பு உரித்துப்போட்ட சட்டையை எடுத்து விரித்தார். மெல்லியது, ஊதினால் பறக்கும். செதில் செதிலாக மினுங்கியது. "காத்து உள்ள போகும், வேர்வை வெளிய போகும். போட்டிருக்கதே தெரியாது."

"மலை உச்சியில குளிருமே?"

"அதுக்குச் செம்மறிக் கம்பளி."

"மழை?"

"சேம்பு இலைக் கோட்டு. சொட்டுத் தண்ணி ஒட்டாது, உருண்டு ஓடிரும்."

"அந்த சீட்டுல உக்காந்தா வலிக்குதுவே. அதச் சொல்ல வெக்கமா இருக்கு."

வண்ணமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாச்சி, சைக்கிள் ஓட்டுத அத்தன பேருக்கும் அங்கதான் வலி. யாரும் சொல்ல மாட்டான். பின்னால இலவம்பஞ்சு வெச்ச டவுசர் இருக்கு. போட்டா மேகத்துல உக்காந்த மாதிரி. எல்லாத்தையும் மூட்டையாக் கட்டித் தாரேன். வெயில்ல ஒண்ணு, பனியில ஒண்ணு, மழையில ஒண்ணு. எடம் பாத்து மாத்தி மாத்திப் போட்டுக்கிடுங்க."

புத்திமதி நல்ல புத்திமதிதான். ஆனால் மறுநாள் காலை சடையப்பனுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. முந்தின நாள் வரை பிறந்த மேனியாகக் காடு முழுக்கத் திரிந்தவன். அவனை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பாம்புச் சட்டையை மாட்டியதும் மானம் என்று ஒன்று வந்து கூடவே ஏறிக்கொண்டது. 'நடு ரோட்டில் நின்று எப்படி உடை மாற்றுவது? மரத்துக்கு மரம் குரங்கு இருக்கிறதே!' யோசித்தான். மூட்டையைப் பிரித்தான். பாம்புச் சட்டைக்கு மேல் பஞ்சு டவுசர், டவுசருக்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் இலைக் கோட்டு என்று மூன்று பருவத்தையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான். சைக்கிள் ஒருமுறை முனகியது.

அடிவாரம் தாண்டுவதற்குள் உள்ளே அடுப்பு மூட்டியாகிவிட்டது. புளியமரத்துக் குரங்குகள் கூவின.

"ஏலே, நெல்லு மூட்டை தானா சைக்கிள் ஓட்டுதுல!"

"மூட்டை இல்லல. இட்லிக் கொப்பரை. ஆவி வருது பாரு!"

தண்ணீர் குடிக்க ஓடைக்கரையில் நின்றான். குனிந்து நிமிர்வதற்குள் ஒரு மான் அவனுடைய கோட்டின் முதுகுப்பக்கம் முழுவதையும் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இளசா எடுத்திருக்கலாம்" என்று கருத்தும் சொல்லிவிட்டுப் போனது. உச்சி நெருங்கியதும் பனிமூட்டம். கம்பளி அத்தனை ஈரத்தையும் ஆசையாகக் குடித்தது. குடித்து மிஞ்சியதை டவுசர் பஞ்சு குடித்தது. பஞ்சு ஊறிப் பருத்து, சடையப்பன் சீட்டைவிட்டு ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்திருந்தான். கால் பெடலுக்கு எட்டவில்லை. கீழே இறங்கித் தள்ளிக்கொண்டு போனான்.

உச்சியில் ஒரு பெரிய பாறை. அதில் சாய்ந்து நின்று கணக்குப் பார்த்தான். உள்ளே வேர்க்கிறது. வெளியே நனைந்திருக்கிறது. முழங்கால் நடுங்குகிறது. தேனப்பன் சொன்ன மூன்றும் ஒரே உடம்பில், அதுவும் பெண் வீடு போய்ச் சேருமுன்பே. கரடிக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தச் சனியன் எதுவும் வேண்டாம். நான் நானாவே போறேன்!" என்று கத்தினான்.

(இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் குழந்தைகளுக்கு நல்ல கதை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

கோட்டைக் கழற்றினான். கம்பளியைக் கழற்றினான். டவுசரைக் கழற்றிப் பிழிந்தான். மலையில் புதிதாக ஒரு அருவி விழுந்தது. பாம்புச் சட்டை மட்டும் கழலவில்லை. வேர்வையில் ஊறி, முடியோடு முடியாக ஒட்டிப் பிடித்துக்கொண்டது. இழுத்தான், கடித்தான், உருண்டான். அது அவனோடு சேர்ந்து உருண்டது.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மலைப்பாம்பு தலையை நீட்டியது.

"அது என் சட்டைல்லாவே? கழத்திப் போட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா காணும்."

"நீயே எடுத்துக்கோ சாமி! கழத்த மட்டும் சொல்லிக் குடு. உச்சிப்பொழுதுக்குள்ள நான் பொண்ணு வீட்டுல இருக்கணும்!"

"இதுல என்ன வித்தை இருக்கு? கல்லுல மூஞ்சிய உரசு. லேசாக் கிழியும். அப்புறம் நெளிஞ்சு நெளிஞ்சு முன்னால வா. சட்டை பின்னால போயிரும். எங்க வீட்டுல பச்சப் புள்ளையும் செய்யும்."

சடையப்பன் கல்லில் மூஞ்சியை உரசினான். கிழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நெளிந்தான். பழைய பாயைக் கிழிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிதாகக் கரடியின் சத்தம் கேட்டது. சட்டை கழன்றுவிட்டது. கூடவே மூக்கிலிருந்து பின்னங்கால் வரை இருந்த அத்தனை முடியும் கழன்றுவிட்டது. காணாமல் போன சீப்பும் கீழே விழுந்தது.

பாம்பு அவனை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, "ஏ, உள்ளுக்குள்ள நீ இவ்வளவுதானா?" என்றது.

பனங்கிழங்கைத் தோலுரித்து நிறுத்தியது போல் நின்றான் சடையப்பன். பாம்போ தன் சட்டையைத் திருப்பிப் பார்த்து, உள்பக்கம் முழுக்கக் கரடி முடி படிந்திருப்பதைக் கண்டு, "மலைக் குளிருக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று மாட்டிக்கொண்டு போயே போய்விட்டது. அந்தப் பக்கம் இப்போதும் முடி வைத்த பாம்பு ஒன்று உலாவுகிறது. பார்த்தால் பயப்படாதீர்கள், அது தன் சட்டையில்தான் இருக்கிறது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. திரும்பினால் இருளாயி இல்லை. போனால் மானம் இல்லை. சடையப்பன் இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டான். மழை கொட்டியது. முடியே இல்லாத உடம்பில் தண்ணீர் எங்கே நிற்கும்? வழுக்கிக்கொண்டு ஓடியது. பிரேக் பிடிக்காமல் நேரே தேனப்பன் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றான்.

தேனப்பன் எழுந்து வந்தார். சுற்றி ஒருமுறை நடந்தார். சொந்தக்காரக் கரடிகள் வாயைத் திறந்தபடி நின்றன. சடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் முதுகில் ஒரு பெரிய கை பட்டது. தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தது.

"இருளாயி, இங்க வா தாயி. இந்தத் துணியத் தொட்டுப் பாரு! என்ன வழவழப்பு! உடம்போட தச்ச மாதிரி இருக்கு. தையலே தெரியலியே!"

"முள்ளு கீறுன எடத்துல ஒரு தையல் தெரியுது மச்சான்" என்றார் பக்கத்தில் நின்ற உறவினர், தோளைக் காட்டி.

"பித்தான் எங்க? ஓ, இந்தா, வயித்துல ஒண்ணே ஒண்ணு. அதையும் உள்ளடங்கலா வெச்சிருக்கான். தொழில்காரன்யா! மாப்ளே, எந்தக் கடை?"

சடையப்பன் ஒரு கண்ணைத் திறந்தான். "வ... வண்ணமுத்து ரெடிமேட்ஸ், மாமா."

தேனப்பன் சோதனையைத் தொடங்கினார். நெற்றியைத் தடவினார், வேர்வை இல்லை. முதுகில் கையை வழித்தார். ஒரே வழிப்பில் காய்ந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தார். மாப்பிள்ளை தலை முதல் கால் வரை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தான். முகம் மாறியது.

"என்ன இது? நடுங்குதானே!"

வாசல் மரத்தில் உட்கார்ந்திருந்த தரகர் காக்கா மெல்ல இறக்கையை விரித்து, அடுத்த மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பியது.

"யப்பா, அது நடுக்கம் இல்ல" என்றாள் இருளாயி. "வைப்ரேஷன்ல போட்டிருக்காவ. புது மாடல் துணியில எல்லாம் வருது. சவாரி முடிஞ்சதும் கால் வலி போறதுக்கு."

"அப்படியா மாப்ளே?"

"ஆ... ஆ... ஆமா மா... மா... மாமா."

"பேச்சுலகூட வருதே! தேனடைய எடுங்கய்யா!" என்றார் தேனப்பன்.

கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் சடையப்பன் கேட்டான். "அன்னைக்கு உனக்குத் தெரியும்தானே?"

"தொப்புளப் பித்தான்னு எங்கப்பா சொன்னப்போ சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்."

"பின்ன ஏன் காப்பாத்துன?"

"மத்தவங்க எல்லாம் வேர்வையத் துடைக்கவும் நடுக்கத்த மறைக்கவுமே பாடாப் பட்டாவ. ஒண்ணையும் மறைக்காம வந்தது நீங்க ஒருத்தருதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதோட, சைக்கிள் நல்லா இருந்துச்சு."

இப்படியே போயிருந்தால் சுகம். ஆனால் மழைக்காலம் முடிந்து தேனப்பன் தன் மகளைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளையின் மேல் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ முளைத்திருந்தது. உற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது, துணியில பூஞ்சை புடிச்சிருக்கு? ஈரத்தோட மடிச்சு வெச்சியளா? நல்ல துணியப் பராமரிக்கத் தெரியாதவன், எம் மவள எப்படிப் பராமரிப்பான்?"

இருளாயியைக் கையோடு கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார். சடையப்பன் அலறிக்கொண்டு வண்ணமுத்துவின் கடைக்கு ஓடினான். வண்ணமுத்து முழு விவரத்தையும் கேட்டார். இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தைப் பார்த்தார். பச்சோந்தி அப்படிப் பார்ப்பது அபூர்வம். பிறகு வெளியே போய், கடை வாசலில் ஒரு பெரிய பாறையை உருட்டி வைத்தார். பக்கத்தில் பலகை மாட்டினார்: 'வண்ணமுத்து சர்வீஸ் சென்டர்.'

அன்று முதல் சடையப்பன் மாதாமாதம் பாம்புச் சட்டை போட்டு, பாறையில் உரசி, சர்வீஸ் செய்துகொண்டு வருகிறான். அவன் போடும் சத்தத்துக்கு, "வைப்ரேஷனைச் சரி பாக்குதாங்க" என்று வெளியே இருளாயி விளக்கம் சொல்வாள். தேனப்பன் தமக்கும் ஒன்று எடுத்தார். அவர் எடுத்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எடுத்தார்கள். இப்போது மலைக்கு இரண்டு பக்கமும் முடி உள்ள கரடியே கிடையாது. எல்லோரும் வழவழவென்று சைக்கிளில் போகிறார்கள். எல்லோரும் வைப்ரேஷனில் இருக்கிறார்கள்.

குளிர் தாங்காமல் அவர்கள் வாங்கும் கம்பளியும் வண்ணமுத்து கடையில்தான் கிடைக்கிறது. கறுப்பு, நீள முடி, உடம்பு முழுக்க மூடும். "இயற்கையான கரடி முடி அண்ணாச்சி. எங்கேயும் கிடைக்காது" என்று சொல்லி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து காட்டுகிறார். அவருக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

நீதி: வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று சைக்கிள் உடை தேடி அலையாதீர்கள். மாமனார் தொட்டுப் பார்த்து "எந்தக் கடை?" என்று கேட்கிற உடை எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. அது உங்கள் சொந்தத் தோலாக இருந்தால், கடையின் பெயரைக் கூசாமல் சொல்லுங்கள்.