வானத்திலிருந்து விழுந்த சுரைக்காய்

இனி என் தட்டில் சுரைக்காய் விழாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. பக்கத்தில் அகத்தா நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அகத்தா என் மனைவி. நான் ஆர்தர். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ரப்பர் மரம் சீவும் ஒரு கித்தாத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் டிரசர். வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்கு மருந்து கலப்பேன், பிள்ளைகளுக்கு ஊசி குத்துவேன். தோட்டமே என்னை ‘டாக்டரய்யா’ என்று எழுந்து நின்று கூப்பிடும். வீட்டில் ‘என்னங்க’ என்று ஒரு குரல் கேட்டால் நான் எழுந்து நிற்பேன்.

இப்போது சுரைக்காய்க்கு வருகிறேன். குளியலறைத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் அகத்தா ஒரே ஒரு விதை ஊன்றினாள். அது தகரக் கூரையில் ஏறியது. கூரையைத் தாண்டி ஆன்டெனாக் கம்பியைப் பிடித்தது. காலையில் சன்னலைத் திறந்தால் ஒரு காய் உள்ளே எட்டிப் பார்த்து நான் எழுந்துவிட்டேனா என்று சோதிக்கும். சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ச் சம்பால், நெத்திலி போட்ட சுரைக்காய். கிறிஸ்துமஸுக்குச் சுரைக்காய் அல்வா. தப்பித்துப் பக்கத்து வீட்டுக்கும் போக முடியாது. லயத்து வரிசை வீடுகள் முழுக்க விதை கொடுத்தவள் அகத்தாதான்.

“அகத்தா, இன்னிக்கு வேற ஏதாச்சும்...”

“வேற என்ன?”

“கத்திரிக்காய்.”

“கத்திரிக்காய் பாசார்ல இருக்கு. சுரைக்காய் கூரையில இருக்கு. எது கிட்ட?”

“நேத்தும் கூரையிலதான் இருந்துச்சு.”

“ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்றீங்க? காய்கறி சாப்பிடு, காய்கறி சாப்பிடுன்னு. சொல்ற வாய் சாப்பிட வேணாமா?”

சொன்ன வாய் சாப்பிட்டது. ஆனால் மனம் உள்ளுக்குள் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தது.

வழி ஒரு தகரப் பெட்டியில் வந்தது. மாதம் ஒருமுறை எங்கள் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவோம். படக் குழுவுக்குத் தலைவர், தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமி. செயலாளர் நான். அந்த மாதம் தமிழ்ப் படமெல்லாம் திருவிழாக்களுக்குப் போய்விட்டதால், வாடகைக்கு விடுகிறவர் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் பேய்ப்படத்தை அனுப்பியிருந்தார். என் கல்யாணத்தைவிடப் பழைய படம். அதைவிடப் பயங்கரமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே பெட்டியில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளைப் பார்த்தேன்.

ஒரு ராட்சதக் கொடி கோபுரம் ஒன்றை நெரித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு வெள்ளைக்காரி அலறிக்கொண்டிருந்தாள். கொடியில் காய்கள். மேலே ஒல்லி, கீழே பருமன், வெளிறிய நிறம். அந்த உருவத்தை எந்தக் கிரகத்தில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

“மண்டோரே, இந்தப் படத்தையே போடலாம்.”

“இங்கிலீஷாச்சே டாக்டரய்யா. நம்மாளுக்குப் புரியாதே லா.”

“மைக்ல நான் கதை சொல்றேன்ல?”

இதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். இங்கிலீஷ் படம் ஓடினால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வார். அந்த ஒருவர் நான். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டம் நம்பியது. உண்மையில் எனக்குத் தெரிந்தது மருந்துப் புட்டி இங்கிலீஷ். படத்தில் வரும் அமெரிக்கர்கள் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் பேசுவதில்லை. இருந்தாலும் யாரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை. டாக்டரய்யா சொன்னால் சரி. அந்த மரியாதைதான் என் ஆஸ்தி.

என் திட்டம் எளிமையானது. சுரைக்காயைக் கண்டாலே தோட்டம் நடுங்க வேண்டும். ஊரே பிடுங்கி எறிந்த பிறகு அகத்தா மட்டும் எப்படிச் சமைப்பாள்?

சனிக்கிழமை இருட்டியதும் திடல் நிரம்பியது. துணிக்கு முன்னால் பாய்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்கர் எல்லாரும் இடக்கையர். முதல் வரிசையில் அகத்தா வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள்.

படம் தொடங்கியது. வானத்தில் ஒரு வெளிச்சம் சர்ரென்று இறங்கி வயலில் விழுந்தது.

“வானத்திலிருந்து ஒரு விதை விழுகிறது” என்றேன் மைக்கில். “சுரை விதை.”

“சுரையா?” என்றாள் பிச்சையம்மாள். “நல்லாக் கேட்டீங்களா டாக்டரய்யா? எனக்குப் பூசணி மாதிரி தெரியுதே.”

“இங்கிலீஷ்ல தெளிவாச் சொல்றாங்க. சுரை.”

வெள்ளை அங்கி போட்ட ஒருவர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்த்து ஏதோ நீளமாகப் பேசினார்.

“இவர்தான் டாக்டர். என்ன சொல்கிறார் என்றால், ‘இதைத் தொட்டால் ஆபத்து, சமைத்தால் பேராபத்து.’”

கொடி ஒரு போலீஸ்காரரைச் சுற்றி வளைத்தது. குழந்தைகள் தாயின் மடியில் ஒளிந்தார்கள். எனக்கு உற்சாகம் பிறந்தது. போலீஸ்காரர் சுட்டார்.

“குண்டு துளைக்காது.”

பட்டாளம் வந்து நெருப்பைப் பீய்ச்சியது.

“எரியாது. நீர்ச்சத்து அதிகம்.”

ஒரு கிழவர் கோடாலியால் வெட்டினார்.

“வெட்டினால் வெட்டிய இடத்தில் பத்து முளைக்கும். புதைத்தால் ஊரெல்லாம் முளைக்கும். இதைச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் காது பச்சையாகும். பிறகு கால் வேராகும்.”

திடலில் ஒரு சலசலப்பு. எல்லாரும் தங்கள் காதைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் மாமியார் காதைத் தீக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள். பிச்சையம்மாள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு, “மத்தியானம் கூட்டு வச்சேனே” என்று முனகினாள். அகத்தா மட்டும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் திரை வெளுத்தது. கடைசி ரீல் இன்னும் வரவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே படத்தைப் பக்கத்துத் தோட்டமும் நாங்களும் சேர்ந்து எடுப்போம். அவர்கள் முதலில் தொடங்குவார்கள். ஒரு ரீல் அங்கே முடிந்ததும் மணியம் என்ற பையன் மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டு வருவான். அன்றைக்கு அவன் மோட்டார் செம்மண் பாதையில் எங்கோ படுத்துவிட்டது. விளக்கைப் போட்டார்கள். மைக் என் கையிலேயே இருந்தது.

“டாக்டரய்யா” என்று பக்கிரிசாமி எழுந்தார். “அந்தச் சனியன் கடைசியில எப்படிச் சாவுது? சொல்லிடுங்க. வீட்டுக் கொல்லையில அதுதான் தொங்குது.”

நான் யோசித்திராத கேள்வி. சாகும் என்றே நான் நினைக்கவில்லை.

“சுட்டுக் கொல்றாங்க” என்றேன்.

“குண்டு துளைக்காதுன்னு சொன்னீங்களே” என்றது ஒரு குரல். அகத்தாவின் குரல்.

“எரிக்கிறாங்க.”

“நீர்ச்சத்து அதிகமாச்சே.”

“வெட்டி...”

“பத்து முளைக்கும்.”

திடலே என்னைப் பார்த்தது. அகத்தா கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, பிச்சையம்மாளிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அது கிடக்கட்டும் லா அக்கா. அந்த டாக்டர் பயந்து ஓடியிருப்பாரு. டாக்டருங்க எல்லாம் அப்படித்தான். ஊசி குத்துற வரைக்கும்தான் வீரம்.”

துணிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

“டாக்டர் ஓடல” என்றேன்.

“அப்ப என்ன செஞ்சாரு?”

“அவரு... நேருக்கு நேராப் போனாரு.”

“போயி?”

“சாப்பிட்டாரு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

“பச்சையாவா?”

“சமைச்சு.”

“காது பச்சையாகலையா அவருக்கு?”

“டாக்டர் உடம்புல மருந்து ஓடுது. அவருக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஒரு காயை மட்டுமா? மிச்சம் முளைக்குமே.”

“எல்லாத்தையும்” என்றேன். வீரத்தைப் பாதியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. “ஊர்ல இருந்த எல்லாத்தையும் ஒரு ஆளா உக்காந்து சாப்பிட்டு முடிச்சாரு.”

திடல் கைதட்டியது. அகத்தாவும் தட்டினாள்.

மணியம் சேற்றோடு வந்து சேர்ந்தான். கடைசி ரீல் ஓடியது. முதல் காட்சியிலேயே, அதுவரை அலறிக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கொடியின் வேரில் ஊற்றினாள். கொடி புகைந்து, சுருண்டு, பொத்தென்று விழுந்தது.

மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தேன். “கொடிக்குத் தண்ணி ஊத்துறா” என்றேன். “காய் பிஞ்சா இருக்கணும்ல. இப்ப அறுவடை.”

அடுத்த காட்சியில், கடவுளே, அந்த டாக்டர் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவன் ஒரு மூடிய தட்டை வைத்தான். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது. டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டார். புன்னகைத்தார். படம் முடிந்தது.

“சாப்பிட்டுட்டாருப்பா” என்று திடலே எழுந்தது. பக்கிரிசாமி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை வாசல் கதவைத் தள்ளினேன். நகரவில்லை. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து வேலி வரை சுரைக்காய். நீளம், குட்டை, குடுவை, வளைந்தது. லயத்துக் கூரைகள் எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. பக்கிரிசாமி தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“என்ன மண்டோரே இது?”

“வெட்டினா முளைக்கும், புதைச்சா ஊரே போயிடும். சாப்பிட்டாத்தான் சாகும். நீங்கதானே மைக்ல சொன்னீங்க. உடம்புல மருந்து ஓடுற ஆளு இந்தத் தோட்டத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“இவ்வளவையுமா?”

“பக்கத்துத் தோட்டத்துக்கு மணியம் சொல்லிட்டான். அவங்க டிராக்டர்ல அனுப்புறாங்க.”

உள்ளே ஓடினேன். அகத்தா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“அகத்தா, போயி உண்மையைச் சொல்லிடு.”

“என்ன உண்மை?”

“நான் சொன்ன கதை... அப்படி இல்லேன்னு.”

“நீங்களே சொல்லுங்களேன். எனக்கு இங்கிலீஷே தெரியாது, இத்தனை வருஷமா மைக்ல புளுகினேன்னு. ரெண்டே வார்த்தை. வாசல்லதான் எல்லாரும் நிக்கிறாங்க.”

வாசலைப் பார்த்தேன். கையில் தொப்பியும் கண்ணில் மரியாதையுமாக நின்றார்கள். நான் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

“அது சரி” என்றேன். “நேத்து நீ ஏன் அவ்வளவு துருவித் துருவிக் கேட்ட?”

“அந்தப் படத்தை நான் கல்யாணத்துக்கு முன்னாலயே பீடோங் தியேட்டர்ல எங்க அண்ணனோட பார்த்துட்டேன். அந்தக் கொடி உப்புத் தண்ணி பட்டாத்தான் சாகும். ஊத்துனது டாக்டரோட சம்சாரம். டாக்டர் அந்த நேரம் அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்தாரு. ஆனா கடைசியில அவரு உக்காந்து சாப்பிடுற சீன் இருக்கே, அது அப்பவே எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

சொல்லிக்கொண்டே என் முன்னால் தட்டை வைத்தாள். சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ச் சம்பால், நெத்திலி போட்ட சுரைக்காய். சன்னலுக்கு வெளியே பிச்சையம்மாள் தன் பேரனைத் தூக்கிப் பிடித்து, “டாக்டரய்யா காதைப் பாரு” என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். வெளியே கைதட்டினார்கள். டாக்டரைப் போலப் புன்னகைக்க முயன்றேன்.

அகத்தாவும் தன் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நீயும் கொஞ்சம் சாப்பிடேன்” என்றேன். “சீக்கிரம் முடியும்.”

“ஐயோ, எனக்கு ஆபத்தாச்சே. என் உடம்புல ஏது மருந்து?” என்று சொல்லி, பிச்சையம்மாள் நன்றியோடு கொடுத்துவிட்டுப் போன கத்திரிக்காயைப் பொரித்து வைத்திருந்ததில் ஒரு துண்டை எடுத்து நிதானமாக வாயில் போட்டுக்கொண்டாள்.