சந்து நண்டும் பூமியின் கம்பளியும்

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. சரக். சரக். சரக்.

வீட்டோரச் சந்திலிருந்து. மகள் செந்தமிழை இடுப்பிலும் சின்னவன் பிரபாவைத் தோளிலும் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு ஒரே கதவு. சுனாமி வந்து போனதிலிருந்து ராத்திரியில் அதற்குத் தாழ்ப்பாள் போட நான் விடுவதில்லை. கடல் வரும்போது தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நான் படித்த கான்வென்டின் சிஸ்டர்கள் எனக்குத் தைரியத்தைத் தவிர எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

என் கணவர் ராஜவேல் சந்துப் பக்கமிருந்து சாவகாசமாக வந்தார்.

"நண்டு சுவத்தச் சொரண்டுது. அதுக்கா நைட்டியோட இந்த ஓட்டம்?"

அந்த நண்டு தினமும் வருகிறது. சாப்பிட்டுவிட்டுக் காற்றாட அவர் வெளியே போகும் நேரம் பார்த்து வருகிறது.

மறுநாள் செந்தமிழ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பூமி சூடாகிறதாம், பனிக்கட்டி உருகிக் கடல் ஏறுமாம் என்றாள். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். கடலை விட்டுத் தள்ளி, பிரம்மதேசம் கிராமத்தில் என் அம்மா வீடு இருக்கிறது. அவ்வளவு தூரம் வரக் கடலே யோசிக்கும். அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய உப்பளம் இங்கே, மாமியார் அங்கே.

"நானே பசங்களுக்குப் புரிய வெக்கிறேன். அதுங்க பயம் தெளிஞ்சா உனக்கும் தெளியும். அப்புறம் பெட்டியத் தொடக் கூடாது."

தெளிந்தால் தொடவில்லை என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டதும் கழுத்து வரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். பங்குனி மாதப் புழுக்கம். தான்தான் பூமி என்றார். உருண்டை வயிறும் ஒத்துக்கொண்டது. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, புகைதான் இந்தக் கம்பளி என்று விளக்கினார். பூமிக்கு மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

செந்தமிழ் யோசித்தாள். "சூடு ஜாஸ்தியானா உப்பு நெறைய வெளையுமாப்பா?"

"வெளையும்..."

"அப்ப நல்லதுதானே? தெனம் நீதானே வெயில் அடிக்கணும்னு சாமி கும்புடுற?"

பிள்ளைகள் இரண்டும் கை தட்டின. உப்பளக்காரன் பிள்ளைகளுக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்துவது மீனுக்குத் தண்ணீர் காட்டுகிற கதைதான். பூமி இருமிவிட்டு, மழையும் கண்ட நேரத்தில் பெய்யும், குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்துபோகும் என்றது. பிரபா ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"கடலு?" என்றேன் நான். எனக்கு வேண்டியது அதுதான்.

"வருஷத்துக்கு ஒரு அரிசி கனம்தான் ஏறுது. நம்ம வாசப்படிக்கு வர்றதுக்குள்ள இவன் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்."

"அன்னைக்கு வந்துதே?"

"அது பூகம்பத்தால வந்தது. அது வேற, இது வேற."

நம்பலாம் போலத்தான் இருந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். புகையை யார் விடுகிறார்கள் என்று செந்தமிழ் கேட்டாள். லாரி, ஃபேக்டரி, செங்கல் சூளை என்று பூமி அடுக்கியது.

பிரபா அழுகையை நிறுத்தினான். "சந்துல அப்பாவும் விடுது. தீக்குச்சி நமுத்துப் போச்சுன்னு சரக் சரக்னு ஒரசிக்கிட்டே இருக்கும்."

பொங்கலோடு சிகரெட்டை விட்டுவிட்டதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். கம்பளிக்குள் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டது.

பெட்டியைப் பரணில் ஏற்றினேன். கதவருகே போனேன். உப்புக் காற்றில் துருவேறிய தாழ்ப்பாள் அது. போட்டாலும் எடுத்தாலும் அது போடும் கிறீச் சத்தத்தில் தெருவே எழுந்து உட்காரும்.

"கடல் அரிசி அரிசியாத்தான் வருதுன்னா, கதவ எதுக்குங்க தொறந்து வெக்கணும்?"

"இன்னைக்கு வேணாம் அருளு. நாளைக்கு எண்ணெ போட்டுட்டு..."

"எனக்குப் பயம் தெளிஞ்சிடுச்சுங்க."

கடல் பக்கம் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டேன். இரண்டு கையாலும் இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். நண்டு உள்ளே மாட்டிக்கொண்டது.