முன்னறையைப் பிடித்த தளபதி

ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ. கொழும்பை ஜப்பான்காரனிடமிருந்து காப்பாற்றியவன் நான்தான். என் வீட்டைத்தான் காப்பாற்ற முடியாமற் போனது.

நாற்பத்திரண்டில், உயிர்த்த ஞாயிறன்று குண்டு விழுந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு என்னை ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் காவற்படையின் வார்டனாகப் போட்டார்கள். தலைக்கு இரும்புத் தொப்பி. கழுத்துக்கு விசில். இரவில் எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியாமல் விளக்கை அணைக்கவைப்பது வேலை. ஒரு வெள்ளைக்காரக் கப்டன் போர்த்தந்திரம் படிப்பித்தார். எதிரி வருமுன் இடத்தைப் பிடி. பிடித்த இடத்தை விடாதே. இரண்டையும் மனப்பாடம் செய்தேன். எதிரிதான் பாக்கி.

பின்னேரமே அகப்பட்டான்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி மெற்றில்டா. "தம்பி ஹியூபேட் குடும்பத்தோடை வரப்போறானாம். கொலன்னாவையிலை எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்திலை வீடு. பயமாம்."

"இஞ்சை துறைமுகம் பக்கத்திலை. அது பயமில்லையோ?"

"இஞ்சை வார்டன் இருக்கிறார் எண்டு சொன்னனான்."

பெருமையில் அரை நிமிடம் மயங்கிப் போனேன். பிறகு ஞாபகம் வந்தது. முன்னொருமுறை நத்தார்ப் பண்டிகைக்கு வந்த ஹியூபேட், நாங்கள் இறைச்சி தொடாத தவக்காலம் முழுவதும் இருந்து இறைச்சி தின்றவன்.

எங்களுக்கு இரண்டே அறை. விருந்தாளிக்கு முன்னறை. ஆகவே முன்னறையைப் பிடித்தேன். மணல்மூட்டை, வாளி, பம்பு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் குவித்தேன். பூனை நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. கதவில் 'வார்டன் நிலையம்' என்று பலகை.

மெற்றில்டா சண்டைக்கு வரவில்லை. தேத்தண்ணியோடு வந்தாள். பக்கத்து வீட்டு நிலாம் நானா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனப்பா, வார்டன் இதை விட்டிட்டுப் போகலாமோ?" என்று கேட்டாள்.

"போகேலாது!"

"இரவிலை?"

"இரவிலைதான் முக்கியம். சாகும்வரை இஞ்சைதான்!"

"நானா, கேட்டீங்கள்தானே?"

"கேட்டன் தங்கச்சி. வத்தளைக்கும் கேட்டிருக்கும்."

மறுநாள் மாட்டு வண்டில் வந்து நின்றது. ஹியூபேட், பெண்சாதி பிறிஜெற், நாலு பிள்ளைகள், ஒரு கிராமபோன். மணல்மூட்டையில் ஏறி நின்று விசில் ஊதினேன்.

"இடமில்லை! இது யுத்தப் பிரதேசம்!"

"தெரியும் அத்தான்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவால் நேரே படுக்கையறைக்குள் நுழைந்தான். படை பின்தொடர்ந்தது.

"மெற்றில்டா! அது எங்கடை அறையல்லோ!"

"ஓம். கட்டிலிலை தம்பி படுக்கட்டும், நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிராது. நானும் பிறிஜெற்றும் பிள்ளையளும் கீழை பாய் போடுறம்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு நிலையம் இருக்கே. சாகும்வரை."

மதிலுக்கு மேலே நிலாம் நானாவின் தலை ஆமோதித்து ஆடியது.

"கொஞ்ச நாளைக்கு எண்டாலும்..."

"விடுங்கோப்பா. நீங்கள் விடுற குறட்டைக்குச் சனம் சைரன் எண்டு ஓடும். மூட்டையள் தடுக்கும்."

பொழுது பட்டது. மணல்மூட்டையில் முதுகைச் சாய்த்து, ஆறுதலுக்கு விளக்கைக் கொளுத்திப் பேப்பரை விரித்தேன். உள்ளே, என் தலையணையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"அத்தான், லைற்றை நூருங்கோ! குண்டு போடப்போறான்!"

வார்டன் எழும்பிப் போய் நூர்த்தான்.