நான் மீட்டெடுத்த விண்கப்பல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மூன்று நாள் பயிற்சி முகாமைக் கண்டுபிடித்தான். இந்த மூன்றில் எது பெரியது என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு முகாம்தான் என்பேன். முகாமில் பெரும்பாலான நேரம் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவின் துணை மேலாளர். ‘வீழ்ச்சியிலிருந்து எழுச்சி’ என்ற அந்த முகாமில் பயின்று, ‘மீண்டெழுதல் வழிகாட்டி, முதல் நிலை’ என்று சான்றிதழ் பெற்றுத் திரும்பினேன். ஒரே ஒரு குறைதான். வழிகாட்டுவதற்கு யாரும் விழவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் பிடிவாதமாக நன்றாக இருந்தார்கள். கொள்முதல் பிரிவில் ஒருவர் படியில் தடுக்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டு நான்கு மாடி ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவர் தானாகவே எழுந்து, தூசு தட்டி, டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று நாள் படிப்பு வீணாகிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் என் தங்கை கணவரின் விண்கப்பல் எரிந்தது. அதை நான் எப்படி மீட்டெடுத்தேன் என்பதை, தன்னடக்கம் இடம் தரும் அளவுக்கு, இங்கே பதிவு செய்கிறேன்.

மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் லேபில் உட்கார்ந்து பல்லும் ஈறும் செய்து அனுப்புவார். இருபத்தோரு வருஷமாக இதே வேலை. அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், சிலர் மனைவியைப் பார்த்துக் கடிக்கிறார்கள். ஆனால் நல்ல பல் செட் என்றால் அது செட் என்றே தெரியக் கூடாது. யாராவது பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டுவிட்டால் வேலை கெட்டது என்று பொருள். இருபத்தோரு வருஷம் யாரும் கேட்காதபடி வேலை செய்த மனிதருக்கு, ஒரே ஒரு தடவை யாராவது கேட்கட்டுமே என்று தோன்றிவிட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தங்கை சொன்னாள்.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். எதையும் நிதானமாகச் சொல்வாள். சொன்னதையே இன்னொரு தடவை சொல்வாள். வீட்டில் குழம்பு கொதித்தாலும் அப்படித்தான்.

அந்த ஆசையில்தான் மாப்பிள்ளை பின்னறையில் ஒரு விண்கப்பல் கட்ட ஆரம்பித்தார். எந்தக் கதையிலும் வராத, அவரே வரைந்த கப்பல். நான் கை நீட்டினால் விரல் நுனியிலிருந்து தோள் வரை வரும் நீளம். பிளம்பர் வீசியெறிந்த குழாயில் உடம்பு, ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிசினில் மேல்தளம், அதற்கு மேல் சாம்பல் பூச்சு. பல்லைக் குடைகிற ஊசியால் முந்நூற்று நாற்பது ஜன்னல்கள் துளைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தலைமுடி கனத்தில் ஓர் ஒளியிழையைச் செருகி, எல்லா இழைகளையும் வயிற்றுக்குள் கொத்தாகக் கட்டி, அடியில் விளக்குப் பட்டை வைத்திருந்தார். வெளிச்சம் இடுக்கில் ஒழுகக் கூடாது என்று உட்புறம் முழுக்கக் கறுப்பு பூசி, வயிற்றை மூடி ஒட்டியும்விட்டார். பதினான்கு மாத வேலை. கப்பல் என்ற சொல்லிலேயே பல் இருக்கிறது என்று நான் சுட்டிக்காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. பல்லைச் செய்வதுதான் அவர் தொழில், காட்டுவது அல்ல.

நகர மண்டபத்தில் மாதிரி கட்டுவோர் கண்காட்சி ஒன்று நடக்க இருந்தது. அதற்கு இன்னும் இருபது நாள். ஒரு ஞாயிறு காலை நான் கப்பலைப் பார்வையிடச் சென்றேன். விளக்குகளை எரிய விட்டுக் காட்டும்படி கேட்டேன். மாப்பிள்ளையின் கையெல்லாம் பெயின்ட். "தொடாதீங்க மச்சான், கை கழுவிட்டு வந்து நானே போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஜையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு அடாப்டர்கள் இருந்தன. ஒன்று கப்பலுடையது, பன்னிரண்டு வோல்ட். மற்றது பல்லுக்கு மெருகு போடும் சின்ன மோட்டாருடையது, இருபத்து நான்கு. அவற்றுள் ஒன்று கப்பலின் வாலில் செருகப்பட்டது. அலுவலகக் கோப்புகளில் இப்படித்தான் எழுத வேண்டும். யாரால் என்று எழுதுவது மரபில்லை. சரி, என்னால்தான்.

அடடா, என்ன ஒளி. முந்நூற்று நாற்பது ஜன்னல்களும் பளீரென்று திறந்தன. பதினான்கு மாதம் உழைத்த மாப்பிள்ளைகூட அந்தப் பிரகாசத்தைப் பார்த்ததில்லை. நான் மட்டுமே பார்த்தேன், ஏறத்தாழ இரண்டு விநாடி. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ‘ப்ச்’ என்று ஒரு சத்தம் வந்தது. சாம்பல் பூசிய மேல்தளம் மெதுவாக உள்வாங்கியது. ஜன்னல்கள் வழியாகப் புகை முந்நூற்று நாற்பது பிரிவாக, மிக ஒழுங்காக வெளியேறியது.

மாப்பிள்ளை துண்டோடு வந்து நின்றார். வயரைப் பிடுங்கினார். ஜன்னலைத் திறந்தார், அறையின் ஜன்னலை. பிறகு காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் கப்பலைத் தொட்டுப் பார்த்தார். அதைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். வைத்துவிட்டு, நான் டீ சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

இதுவே வேறொரு சாதாரண மனிதனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் பயின்றவன். என் கண்ணெதிரே ஒருவர் முறைப்படி விழுந்திருந்தார்.

செவ்வாய் மாலையே அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ‘முதலாவது மீளாய்வுக் கூட்டம்’ கூட்டினேன். வந்திருந்தோர் மூவர். இது விபத்து அல்ல, வாய்ப்பு என்று தொடக்கவுரையில் விளக்கினேன். யார் செய்த தவறு என்று தேடுவது நச்சுப் பழக்கம் என்று முகாமில் சொல்லிக் கொடுத்ததை மிக விரிவாக எடுத்துச் சொன்னேன். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்து, மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். மாப்பிள்ளை நெடுநேரம் யோசித்து எழுதினார். வாங்கிப் பார்த்தேன். ‘துளை போட அரை மில்லிமீட்டர் ஊசி, இரண்டு’ என்று இருந்தது. ‘துயரம் ஆழ்மனதில் அமுக்கப்பட்டுள்ளது’ என்று குறித்துக்கொண்டேன். தங்கை தன் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவருக்கு நல்ல வாரம் அல்ல. லேபிலிருந்து போன ஒரு செட் திரும்பி வந்துவிட்டது. இடதுபக்கப் பல்லை வலதுபக்கத்தில் வைத்திருந்தாராம். இருபத்தோரு வருஷத்தில் திரும்பி வந்த முதல் செட். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில், கப்பல் காலடியில் இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தார் என்று தங்கை போனில் சொன்னாள். அவள் குரல் அறிவிப்புக் குரலாக இல்லை.

நான் சும்மா இருப்பேனா? தினமும் மாலை ஐந்தரைக்கே, அவர் லேபிலிருந்து வருமுன், பின்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மூச்சுப் பயிற்சி, ‘நன்றி நாட்குறிப்பு’, கண்ணாடி முன் நின்று ‘நான் எழுகிறேன்’ என்று பதினொரு தடவை சொல்வது என்று நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அவர் மறுத்ததே இல்லை. கண்ணாடி முன் நிற்கச் சொன்னால் நிற்பார். தன் பல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். சில நாள் வாசற்படியில் நின்று என்னையே பார்ப்பார். உள்ளே வர மாட்டார். ‘தயக்க நிலை’ என்று குறித்தேன். அது முகாம் கையேட்டில் படத்தோடு இருக்கிறது.

ஒன்பதாம் நாள் தங்கை பணி உடுப்போடு பின்னறைக்கு வந்தாள். "அண்ணா, மூணாவது நாளே அவர் வேலையை ஆரம்பிக்கத்தான் இருந்தார். அவரோட நாற்காலியில நீ உக்காந்திருக்க."

எந்த நாற்காலி என்று கேட்டேன். இந்த அறையில் ஒரே நாற்காலிதான் என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இன்னிலேருந்து பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதண்ணா" என்றாள். சற்று இடைவெளி விட்டு, "இன்னிலேருந்து பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதண்ணா" என்றாள்.

‘வழிகாட்டி திட்டமிட்டு விலகி நிற்றல்’ என்று கையேட்டில் ஓர் அத்தியாயமே உண்டு. ஆகவே திட்டமிட்டு விலகினேன்.

அந்தப் பத்து நாளில் நடந்ததைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றே மாப்பிள்ளை கட்டிலுக்கடியிலிருந்து கப்பலை எடுத்து, பல்லை அறுக்கும் சின்னச் சக்கரத்தால் வயிற்றைத் திறந்திருக்கிறார். விளக்குப் பட்டை கருகிக் கரியாகக் கிடந்தது. இழைகள் அடிப்பக்கம் உருகிக் கட்டியாகியிருந்தன. கட்டியை வெட்டிவிட்டு ஒவ்வோர் இழையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். தங்கை எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினாள். எண்ணுவதையும் அவள் இரண்டு தடவை சொன்னதால் கணக்குத் தவறவே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிழைத்தன. மீதியைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

இந்தத் தடவை அவர் வயிற்றை ஒட்டவில்லை. பல் செட்டின் அண்ணம்போல் கச்சிதமாகப் பொருந்தி, கட்டைவிரலால் நெம்பினால் கழன்று வருகிற ஒரு மூடி செய்தார். "யாராவது செட்டை வாயில ஒட்டி அனுப்புவாங்களா? கழட்டினாத்தானே கழுவ முடியும். இருபத்தோரு வருஷமா அதைத்தான் செய்யறேன், இதுல மட்டும் மறந்துட்டேன்" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாராம். எரிந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்றாள். வாலில் இருந்த துளையையும் மாற்றி, வேறு எந்த அடாப்டரும் நுழையாதபடி சதுரமாக்கிவிட்டார். லேபில் அதற்கு ‘மச்சான் காப்பு’ என்று தொழில்நுட்பப் பெயர் வைத்திருக்கிறார்களாம்.

நானும் அந்தப் பத்து நாள் வீணாக்கவில்லை. ‘ஒரு விண்கப்பலும் ஒரு வழிகாட்டியும்’ என்ற தலைப்பில் முப்பத்திரண்டு படங்களோடு அலுவலகத்தில் உரையாற்றினேன். பொது மேலாளர் கண் கலங்கினார். குளிர்சாதனம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. என்னை ‘இரண்டாம் நிலை’ வழிகாட்டியாக உயர்த்தப் பரிந்துரைத்தார்கள்.

கண்காட்சி சனிக்கிழமை மதியம். மண்டபத்தின் திரைகளை இழுத்து மூடி, மேஜைகளில் ரயில், பாலம், துறைமுகம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சதுர முனையைச் செருகினார். பதினேழாவது மேஜையில் ஜன்னல்கள் வரிசை வரிசையாக எரிந்தன. நான் பார்த்த அந்த இரண்டு விநாடிப் பளீர் அல்ல. உள்ளே யாரோ குடியிருப்பதுபோன்ற, மாலை நேரத்து வீட்டு வெளிச்சம். வால்பக்கம் நீலமாக மூச்சு விட்டது. ஜனங்கள் குனிந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் அவர்கள் வாயைப் பார்த்தார்.

ஓர் அம்மாள் நிமிர்ந்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் கையை மட்டும் தூக்கினார். பக்கத்தில் நின்ற தங்கை, நிலையம் முழுவதற்கும் கேட்கிற குரலில், "இவர்தான்" என்றாள். பிறகு, "இவர்தான்." மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார்.

கூட்டம் சற்றுக் கலைந்தபின் மேஜைக்கு முன்னால் ஓர் அட்டை வைத்திருப்பதைக் கவனித்தேன். அமைப்பாளர்கள் எல்லோரிடமும் விவரம் வாங்கி அச்சடித்திருந்தார்கள். பெயர், பயன்படுத்திய பொருள்கள், ‘பணியில் சந்தித்த முக்கியத் தடை’. ரயில் செய்தவர் ‘நேரமின்மை’ என்று கொடுத்திருந்தார். துறைமுகக்காரர் ‘கண்பார்வை’. பாலத்துக்கு ‘ஈரப்பதம்’. மாப்பிள்ளையின் அட்டையில் ‘மனைவியின் அண்ணன்’ என்று இருந்தது. நல்ல அச்சு. எழுத்துப்பிழை இல்லை.

என்னோடு சேர்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பாவம் சார், எப்படி இருந்திருக்கும். இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் என்னதான் வேலை பாக்கறாங்களோ தெரியல" என்றார்.

"பயிற்சி குடுக்கறாங்க" என்றேன்.