உள்ளங்கை காட்டினால் பின்தொடரும் கேமரா

எந்தக் கருவியானாலும் அதோடு வரும் கையேட்டை முழுவதும் படிக்காமல் பொத்தானைத் தொடமாட்டேன். மிக்சிக்கு வந்ததைக்கூடப் படித்திருக்கிறேன். (அதற்குள் என் மனைவி அம்மியில் சட்னி அரைத்துவிட்டாள்.) அப்படிப்பட்ட என்னால்தான் ஒரு தகப்பன் தன் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்தைப் பார்க்க முடியாமல் போக இருந்தது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். மகள் அபியின் நிச்சயத்துக்கு அவரால் கரையிறங்க முடியவில்லை. கப்பலிலும் இப்போது இணையம் உண்டு. நேரலையில் பார்க்கிறேன் என்று ஒரு கேமராவை அனுப்பிவைத்தார். தாய்மாமன் நான் பெண்ணுக்கு மாலை போட வேண்டியவன், கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. இதை யாரும் பிடிக்கவே வேண்டாம். தாங்கியில் நிறுத்திவிட்டால், எதிரே யார் உள்ளங்கையை உயர்த்துகிறாரோ அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்தொடரும்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் சோதித்துப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து வெளியே வந்தேன், பிடித்துக்கொண்டது. தலையில் துண்டைப் போர்த்தி, முதுகைக் காட்டி நடந்தேன், ஏமாறவில்லை. முதுகை வைத்தே ஆளை எப்படி அறிகிறது?

"கட்டுன பொண்டாட்டிகூட ஒங்க பின்னால இப்படிச் சுத்தல" என்றாள் மனைவி.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையூரணி ஊர் மண்டபத்தில் அபி கேமராவுக்கு உள்ளங்கை காட்டினாள். "நல்லா தெரியுது மாப்ளே" என்றார் அத்தான் செல்போனில். அப்போதுதான் உறவினர்கள் கேமராவை இடித்துக்கொண்டு கூடினார்கள். ஒழுங்கு குலைந்தால் எனக்குப் பொறுக்காது. மேடையோரம் நின்று, போக்குவரத்துக் காவலரைப்போல் கையை உயர்த்தினேன்.

"அண்ணாச்சி, அதை இடிச்சிராதிய! அங்கனயே நில்லுங்க!"

கூட்டம் நின்றது. கேமராவும் என் பக்கம் திரும்பியது. நான் கவனிக்கவில்லை.

அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. மகளைப் பார்த்து உருகுகிறார் போலும் என்று எடுக்காமல் விட்டேன். சீர்த்தட்டுகளை நேராக்கினேன். சர்க்கரை நோயாளி என்பதை மறந்து ஒரு லட்டை வாயில் போட்டேன். பந்தியைப் பார்க்கப் போனேன். (நான் திரும்பும்வரை கேமரா நான் போன கதவையே பார்த்தபடி காத்திருந்ததாம்.)

அக்கா தன் செல்போனோடு ஓடிவந்தாள். "ஏலே, பிள்ளைய காட்டச் சொன்னா நீ லட்டு திங்கதயா காட்டுத?"

போனில் அத்தான் இருந்தார். "மாப்ளே, ஒங்க மூஞ்சிய முப்பது வருசமா பாக்கேன். எம் புள்ள எங்க?"

அபியை மறுபடி கை காட்டச் சொல்லியிருந்தால் போதும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் எனக்கு உதிக்கவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு அபியிடம் ஓடினேன். கேமராவும் கூடவே திரும்பியது.

"ஆங், இப்ப எம் புள்ள தெரியுது! நகராதிய மாப்ளே, அப்படியே நில்லுங்க!" என்றார் அத்தான்.

நின்றேன். மாலை போட்ட பிறகும் நின்றேன். மோதிரம் மாற்றும்போதும் அபிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நின்றேன்.

"தாய்மாமன் நவுந்தாத்தானே மாப்பிள்ள நிக்க முடியும்?" என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் கேட்டார். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

அந்த நேரலையிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அத்தானே ஃபிரேம் போட்டுத் தந்தார். அபியின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நடுவில் நிற்பது யாரென்று கேட்பவர்களிடம் அவள் இன்றும் சொல்கிறாள்:

"எங்க மாமா. நிச்சயம் அவுகளுக்குத்தான். நாங்க சும்மா கூட நின்னோம்."